காலை இழந்தவரின் நடையை அளந்த கதை

நீரிழிவாலோ விபத்தாலோ காலை இழந்த ஒருவர், செயற்கைக் கால் பொருத்திக்கொண்டு எழுந்து நடக்கும்போது குடும்பமே ஆனந்தக் கண்ணீர் வடிக்கிறது. ஆனால், அவர் உண்மையில் எந்த அளவுக்கு நடக்கிறார்? தனியாகச் சாலையைக் கடக்க முடியுமா? கடைக்குப் போய்வர முடியுமா? இதற்குக் கண்பார்வை மட்டும் போதாது என்பதை மருத்துவ உலகம் உணர இரண்டு உலகப் போர்கள் தேவைப்பட்டன.

போர் தந்த பாடம்

முதலாம் உலகப் போரில் பிரான்ஸ் நாட்டு வீரர்கள் ஆயிரக்கணக்கில் கைகால்களை இழந்தனர். அவர்களை மீண்டும் வேலைக்குத் தயார்ப்படுத்தும் பணியில் ஈடுபட்ட உடலியல் அறிஞர் ஜூல் அமார், 1916ஆம் ஆண்டு ஒரு நடைமேடையை உருவாக்கினார். அதன்மீது நடப்பவரின் பாதம் தரையை எவ்வளவு விசையோடு அழுத்துகிறது, எந்தப் பக்கம் தள்ளுகிறது என்பதை அது பதிவு செய்தது. 'நொண்டுகிறார்' என்று ஒரே சொல்லில் முடிந்துபோன விஷயம், அளவாக மாறியது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்க வீரர்கள், தங்களுக்குக் கொடுக்கப்பட்ட செயற்கைக் கால்கள் சரியில்லை எனக் குறைகூறினர். அதன் விளைவாகக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் பெரும் ஆய்வு தொடங்கியது. அதை நடத்தியவர்கள் எலும்பு மருத்துவர் வெர்ன் இன்மன், பொறியியல் பேராசிரியர் ஹோவர்ட் எபர்ஹார்ட் ஆகிய இருவர். எபர்ஹார்ட்டே 1944ஆம் ஆண்டு, விமான ஓடுதள ஆய்வின்போது நேர்ந்த விபத்தில் ஒரு காலை இழந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது. தொண்டர்களின் எலும்பில் ஊசி பொருத்தி, அவர்கள் நடப்பதைப் படமெடுத்து, மனித நடையின் ஒவ்வோர் அசைவையும் அக்குழு கணக்கிட்டது.

கடிகாரமும் நாற்காலியும்

ஆய்வுக்கூடக் கருவிகள் எல்லா மருத்துவமனைக்கும் கிடைப்பதில்லை. எனவே எளிய வழிகள் பிறந்தன. 1991ஆம் ஆண்டு கனடாவில் இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனைக்கு ஒரு நாற்காலியும் கடிகாரமும் போதும். நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார எத்தனை விநாடி ஆகிறது என்பதே கணக்கு. முதியவர்களுக்காக வந்த இச்சோதனை, காலை இழந்தவர்களுக்கும் ஏற்றது என 1999ஆம் ஆண்டு நெதர்லாந்து ஆய்வு காட்டியது. முழங்காலுக்குக் கீழே காலை இழந்தவர்களில், இதற்கு 19 விநாடியோ அதற்கு மேலோ எடுப்பவர்கள் பலமுறை கீழே விழும் அபாயம் அதிகம் என்று 2007ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய ஆய்வு எச்சரித்தது. 2 நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று பார்க்கும் சோதனையும் இன்று பரவலாக உள்ளது.

எண்ணும் எதிர்காலமும்

இந்த எண்களுக்கு இன்னொரு முகமும் உண்டு. 1995ஆம் ஆண்டு அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீடு, காலை இழந்தவர்களை 0 முதல் 4 வரை ஐந்து நிலைகளாகப் பிரித்தது. ஒருவருக்கு எவ்வகை முழங்கால், எவ்வகைப் பாதம் கிடைக்கும் என்பது அந்த நிலையைப் பொறுத்தது. 0 என்றால் செயற்கைக் காலே இல்லை! இவ்வளவு பெரிய முடிவு, பெரும்பாலும் மருத்துவரின் கணிப்பை நம்பியே இருந்தது.

இந்தக் குறையைப் போக்க, மயாமியைச் சேர்ந்த ராபர்ட் கெய்லி குழுவினர் 2002ஆம் ஆண்டு ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டனர். உட்கார்ந்த நிலையில் சமநிலை, எழுவது, ஒற்றைக் காலில் நிற்பது, படியேறுவது என வரிசையாகச் சோதித்து, அதிகபட்சம் 47 மதிப்பெண் தரப்படுகிறது. செயற்கைக் கால் பொருத்துவதற்கு முன்பே இதைச் செய்ய முடியும் என்பதுதான் இதன் சிறப்பு. அப்போது மொத்தம் 43.

ஆக, அளவீடு என்பது நோயாளிக்கு வைக்கும் தேர்வு அல்ல. அவர் பக்கம் பேசும் சாட்சி. சென்ற மாதம் 30 விநாடி, இந்த மாதம் 22 விநாடி என்று தெரிந்தால் சோர்ந்த மனத்துக்கும் தெம்பு வரும். வீட்டில் யாராவது இந்தச் சிகிச்சையில் இருந்தால், "எப்படி நடக்கிறார்?" என்று கேட்பதோடு நிற்காமல், "எத்தனை விநாடி, எத்தனை மீட்டர்?" என்றும் குடும்பத்தினர் கேட்டு, தேதியோடு குறித்து வைப்பது நல்லது.