ஒரு குறி குறைந்த கதை

2004 ஆம் ஆண்டு மார்கழி 26 ஆம் திகதி முல்லைத்தீவுக் கரையிலே கடல் ஏறியது. உறவினரைத் தேடி மக்கள் முகாம் முகாமாக அலைந்ததை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அந்நாட்களிலே இலங்கைக் கணினி வல்லுநர் பலர் ஊதியங் கருதாது கூடி, ‘சகானா’ என்னும் மென்பொருளை ஆக்கினர். காணாமற்போனோர் பதிவேடும், முகாம்களின் பதிவேடும் அதன் உறுப்புகள். எவரும் எடுத்துத் திருத்தலாம் என்ற உரிமையோடு அது வெளிவந்தது. பலர் கைபடும் அத்தகைய ஆக்கத்திலே ஒரு வரி பிழைத்தால், ஒரு தாயின் தேடலே வீணாகலாமன்றோ? ஆகவே பிறர் செய்த திருத்தத்தை ஆராய்ந்து ஏற்கும் முறை இன்றியமையாததாயிற்று.

இது நமக்கு முற்றிலும் புதிதன்று. 1887 இல் கலித்தொகையை அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை, ஏட்டுப் பிரதிகளை ஒப்புநோக்கியே பழைய நூல்களைப் பதிப்பித்தார். ஆனால் ஏட்டிலே பிழை பெரும்பாலும் அறியாமையால் நுழைந்தது. கணினியிலோ வேண்டுமென்றே நுழைப்போரும் உளர்.

2003 கார்த்திகையிலே, லினக்ஸ் என்னும் இயங்குதளத்தின் மூலநிரல் நகலொன்றிலே எவரோ இரண்டு வரிகளைச் செருகிவிட்டார். அந்நிரல் மொழியிலே இரண்டு சமக்குறிகள் இட்டால் ஒப்பிடுதல். ஒன்று இட்டால் மதிப்பையே மாற்றுதல். அங்கே ஒன்றுதான் இருந்தது! மாணவன் ஒரு குறியைத் தவறவிட்டால் நாம் ஒரு புள்ளி குறைப்போம்; இங்கோ, வழியறிந்தவன் கணினி முழுவதற்கும் அதிகாரியாகிவிடுவான். மேலோட்டமாகப் படிப்போர்க்கு அது சாதாரணச் சோதனை வரியாகவே தோன்றும். அம்மாற்றத்திற்குரிய ஒப்புதற் பதிவு மூலப்பிரதியிலே இல்லாமையாலேயே சூழ்ச்சி வெளிப்பட்டது.

2005 சித்திரையிலே லீனஸ் தோர்வால்ட்ஸ் ‘கிட்’ என்னும் கருவியை எழுதத் தொடங்கினார். அதிலே ஒவ்வொரு மாற்றத்துக்கும் உள்ளடக்கத்திலிருந்தே கணிக்கப்படும் முத்திரையெண் உண்டு. ஓரெழுத்து மாறினும் முத்திரை மாறிவிடும். சேர்த்த வரியும் நீக்கிய வரியும் தனித்தனியே தெரியும். அவற்றை இன்னொருவர் படித்து ஒப்பிய பின்னரே பொதுப்பிரதியிலே சேர்ப்பது நல்ல வழக்கமாயிற்று. அறியாதவர் அனுப்பிய நிரலைப் படிக்குமுன் தம் கணினியிலே இயக்கிப் பார்ப்பதையும் விவரமறிந்தோர் தவிர்ப்பர்.

எனினும் முத்திரை, திருத்தம் நல்லதா தீயதா என்று சொல்லாது. 2024 பங்குனியிலே ‘எக்ஸ்-இசற்’ என்னும் சுருக்கக் கருவியிலே இதனைக் கண்டோம். ஏறக்குறைய இரண்டாண்டுகள் உழைத்து நம்பிக்கை பெற்ற ஒருவரே அதிலே கள்ள வாயில் வைத்தார். நஞ்சின் ஒரு பகுதி, எவரும் வாசிக்க இயலாத சோதனைக் கோப்புகளிலே கிடந்தது. அதனை எழுப்பும் வரிகளோ, எல்லோரும் பார்க்கும் பொதுக்களஞ்சியத்திலே இல்லாமல், வெளியீட்டுப் பொதியிலே மட்டும் இருந்தன. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய அரை விநாடி கூடுதலாகிறதே என்று ஐயுற்ற அண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்பவர் தேடிச்சென்று அதனைக் கண்டுபிடித்தார்.