இரண்டாவது மாத்திரை எதற்கு?

ரிட்டையர் ஆன வருடமே எனக்கு பிரஷர் வந்துவிட்டது. முதலில் ஒரே மாத்திரைதான், சிறுநீரைக் கூடுதலாகப் பிரிய வைக்கும் ஹைட்ரோகுளோரோதயசைடு. சில மாதம் கழித்து டாக்டர் இன்னொன்றைச் சேர்த்தார். ஒன்று போதாதா என்று அதை நானாகவே நிறுத்தினேன். மூன்றாவது வாரம் காய்கறிக் கடையில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். மேல் அளவு 190.

டாக்டர் திட்டவில்லை. "உங்க கிட்னி சும்மா இருக்காது சார், மாத்திரையை எதிர்த்து வேலை செய்யும்" என்றார். அந்த வார்த்தை உறுத்தியதால்தான் இதையெல்லாம் படித்தேன்.

1898இல் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் ராபர்ட் டைகர்ஸ்டெட் என்பவரும் அவருடைய மாணவர் பெர்க்மனும் முயலின் சிறுநீரகத்தை அரைத்து, அந்தச் சாற்றை வேறொரு முயலின் ரத்தத்தில் செலுத்தினார்கள். ரத்த அழுத்தம் ஏறியது. அந்தப் பொருளுக்கு ரெனின் என்று பெயர் வைத்தார்கள். அதன்பின் ஏறக்குறைய நாற்பது வருடம் அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை! 1934இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஹாரி கோல்ட்பிளாட், நாய்களின் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக்குழாயை வெள்ளிக் கிளிப்பால் இறுக்கி அழுத்தத்தை ஏற்றிக் காட்டிய பிறகுதான் ரெனின் மறுபடி பேச்சுக்கு வந்தது.

அதுவரை பிரஷருக்குச் சரியான மருந்தே இல்லை. உப்பில்லாச் சோறும் பழமும்தான். என் அப்பா கடைசி வரை உப்பில்லாக் கஞ்சி குடித்து முகம் சுளித்தது நினைவிருக்கிறது. சல்ஃபா மருந்து வழியில் வந்த குளோரோதயசைடு அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது 1950களின் கடைசியில். எங்கள் வீட்டுக்கு அது எட்டவில்லை.

1963இல் கியோட்டோவில் ஒகமோட்டோவும் அயோகியும் பிறவியிலேயே பிரஷர் ஏறும் எலி வம்சம் ஒன்றை வளர்த்தெடுத்தார்கள். விஷயம் பிடிபட இந்த எலிகள் மிகவும் உதவின. யூரின் மருந்து கொடுத்தால் உப்பும் நீரும் வெளியேறும். உடம்பு வற்றுகிறது என்று சிறுநீரகம் நினைத்து ரெனினைக் கூடுதலாகச் சுரக்கும். ரெனினால் ஆஞ்சியோடென்சின் உருவாகும். அது ரத்தக்குழாயைச் சுருக்கும், அட்ரினல் சுரப்பியை முடுக்கி உப்பைப் பிடித்து வைக்கச் சொல்லும். ஒரு கையால் இறக்கிய அழுத்தத்தை மறு கையால் ஏற்றுகிற கதை. அதனால் பல எலிகளுக்கு அந்த மருந்து மட்டும் கொடுத்தபோது அழுத்தம் எதிர்பார்த்த அளவு இறங்கவில்லை. ஆஞ்சியோடென்சினைத் தடுக்கும் கேப்டோப்ரிலைச் சேர்த்ததும் நன்றாக இறங்கியது.

நான் நிறுத்திய மாத்திரையும் அந்தத் தடுக்கும் வகையைச் சேர்ந்ததுதான். டெல்மிசார்டன்.

இப்போது இரண்டும் ஒரே மாத்திரையாக வருகிறது. காலையில் காபிக்கு முன்னால் என் மனைவி அதை எடுத்துக் கொடுத்துவிட்டு, நான் விழுங்கும் வரை நின்று பார்க்கிறாள்.