மேடை ஓரத்து ஆர்மோனியம்!

‘அவருக்கு அஞ்சு கட்டை சாரீரம்ப்பா!’

யாரோ ஒரு பாடகரைப் பற்றி இப்படிச் சொல்லி நீங்கள் கேட்டிருப்பீர்கள். ‘ஒண்ணரைக் கட்டையில் பாடினார்’, ‘நாலரைக் கட்டையை எட்டிப் பிடித்தார்’ என்றெல்லாம் கச்சேரி விமரிசனங்களில் படித்தும் இருப்பீர்கள். அது என்ன கட்டை? தேக்கா, வேங்கையா?

ஆர்மோனியக் கட்டைதான்! ஆர்மோனியத்தின் முதல் வெள்ளைக் கட்டையை ‘ஸ’வாக வைத்துக்கொண்டு பாடினால் ஒரு கட்டை. அதை ஒட்டியிருக்கும் கறுப்புக் கட்டை என்றால் ஒன்றரை. அடுத்த வெள்ளை இரண்டு. இப்படியே ஏழு வரை போகும். இதில் ஒரு வேடிக்கை... மூன்றரைக் கட்டை என்று ஒன்று கிடையவே கிடையாது. மூன்றாவது வெள்ளைக் கட்டைக்கும் நான்காவதற்கும் நடுவே கறுப்புக் கட்டை இல்லை, அவ்வளவுதான் காரணம். அதே மாதிரி ஏழரையும் கிடையாது (அந்த மட்டில் பாடகர்கள் தப்பித்தார்கள்!).

ஆக, குரலின் உயரத்தை அளக்க நம் ஊரில் கையில் எடுத்த அளவுகோலே ஆர்மோனியம்தான். ஆனால், அந்த ஆர்மோனியத்தைக் கர்னாடக சங்கீத வித்வான்கள் தங்கள் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்களா என்றால்... பெரும்பாலும் இல்லை!

ஏன் என்று பார்ப்பதற்கு முன்னால், இந்தப் பெட்டி எங்கிருந்து வந்தது என்று ஒரு நடை பார்த்துவிடலாம். 1840-களில் பாரிஸ் நகரத்தில் அலெக்ஸாண்டர் தெபெய்ன் என்பவர் உரிமை பதிவு செய்த வாத்தியம் இது. காலால் மிதித்துக் காற்றடிக்க வேண்டும். பாதிரியார்களோடும் வெள்ளைக்கார துரைமார்களோடும் கப்பலேறி இந்தியா வந்தது. நாம்தான் தரையில் சம்மணம் போட்டு உட்காருகிற ஜாதி ஆயிற்றே! கல்கத்தாவில் துவாரகநாத் கோஷ், ஒரு கையால் துருத்தியை அசைத்துக்கொண்டு இன்னொரு கையால் வாசிக்கிற மாதிரி அதை மாற்றிக் கொடுத்தார். ஊர் ஊராகச் சுற்றிய பார்ஸி நாடகக் கம்பெனிகள் அதைத் தெற்கே பரப்பின.

வித்வான்களின் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. நம் ராகங்களின் உயிர் கமகத்தில் இருக்கிறது. ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டு போகவேண்டும், அசைய வேண்டும், குழைய வேண்டும். வீணையில் தந்தியை இழுக்கலாம். வயலினில் விரலை நகர்த்தலாம். ஆர்மோனியத்தில்? ஒரு கட்டையை அழுத்தினால் ஒரு ஸ்வரம். விட்டால் போச்சு! இரண்டுக்கும் நடுவே பாலமே கிடையாது. தோடி ராகத்தை அதில் வாசிப்பது, படிக்கட்டில் சறுக்கு விளையாடுகிற மாதிரி!

படித்தவர்கள் தள்ளிவைத்த அந்தப் பெட்டியை நாடக மேடை அள்ளிக்கொண்டது. அதற்கு ராஜமரியாதை கிடைத்த இடங்களில் ஒன்று நம் தெற்குச் சீமை... மதுரையிலிருந்து திருமங்கலம், விருதுநகர், சாத்தூர், சிவகாசி என்று விரியும் வெயில் பூமி.

மழை குறைவு, வெயில் அதிகம். விவசாயத்துக்கு அது சாபம். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் அதுவே வரம். 1922-ல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும். ஊரின் தலையெழுத்தே மாறியது. ஆனால், ஊர் மாறினாலும் மாறாத ஒன்று, பங்குனி பிறந்தால் அம்மன் கோயில் பொங்கல். பொங்கல் என்றால் ராத்திரி நாடகம். பகலெல்லாம் தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கிய ஜனங்கள், பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நாடகக் கொட்டகைக்கு முன்னால் வந்து இடம் பிடிப்பார்கள்.

அந்த நாடகத்துக்கு ‘ஸ்பெஷல் நாடகம்’ என்று பெயர். என்ன ஸ்பெஷல்? ஒரே கம்பெனியில் கூடி வாழ்ந்து, ஒத்திகை பார்த்து நடிப்பவர்கள் இல்லை இவர்கள். ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார். ஸ்திரீபார்ட் இன்னொரு ஊர். பபூன் வேறு ஊர். அன்றைக்குச் சாயங்காலம்தான் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பார்கள். ஒத்திகை கிடையாது. ராத்திரி பத்து மணிக்குத் திரை தூக்கினால் விடிகிற வரை நாடகம்!

எப்படி முடிந்தது? சங்கரதாஸ் சுவாமிகளுக்கு (1867 - 1922) நன்றி சொல்லவேண்டும். ‘வள்ளி திருமணம்’, ‘பவளக்கொடி’, ‘கோவலன்’ என்று அவர் எழுதிய நாடகங்கள் அத்தனை நடிகர்களுக்கும் மனப்பாடம். ‘அபிமன்யு சுந்தரி’யை ஒரே ராத்திரியில் எழுதி முடித்த மனிதர் அவர். அந்தப் பாட்டுகள்தான் எலும்புக்கூடு. சதையும் ரத்தமும் அன்றைக்கு மேடையில் பிறக்கும். நாரதருக்கும் வள்ளிக்கும் தர்க்கம் வந்துவிட்டால், யார் எதைச் சொல்வார்கள், எந்தப் பாட்டை எடுப்பார்கள், எப்போது நிறுத்துவார்கள் என்று யாருக்கும் தெரியாது.

இப்போது மேடை ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் அந்த ஆர்மோனியக்காரரைப் பாருங்கள்.

ராஜபார்ட்டுக்கு ஒரு கட்டை, ஸ்திரீபார்ட்டுக்கு வேறு கட்டை. அவர் ஒரு வரி பாட, இவர் பதில் வரி பாட, கண் இமைக்கிற நேரத்தில் சுருதி மாறவேண்டும். ‘ஸ’ இருந்த இடம் போய்விடும். விரல்கள் போகவேண்டிய வழியெல்லாம் புதுசாகிவிடும். நடிகர் வசனம் பேசிக்கொண்டே இருப்பார்... எந்த மூச்சில் பாட்டுக்குத் தாவுவார் என்று அவர் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்து, அரை விநாடி முன்னால் சுருதியைக் கொடுத்துவிட வேண்டும். அவருக்கு மூச்சு வாங்கினால் அந்த இடைவெளியை இவர் நிரப்ப வேண்டும். வரி மறந்துபோனால் பின்பாட்டு பாடி எடுத்துக் கொடுக்க வேண்டும். தொண்டை கட்டிக்கொண்ட நடிகர் மேல் ஸ்தாயியைத் தொடமுடியாமல் தவிக்கிறாரா? இவர் அங்கே போய்த் தொட்டு, அவரே தொட்ட மாதிரி ஜனங்களை நம்பவைக்க வேண்டும்!

இதற்கெல்லாம் எழுதிவைத்த நொட்டேஷன் கிடையாது. ‘இம்ப்ரொவைசேஷன்’ என்று இன்றைக்கு ஜாஸ் ரசிகர்கள் கண் கிறங்கிப் பேசுகிறார்களே... அதேதான். நம் ஆட்கள் அதற்குப் பெயர் வைக்காமலேயே செய்தார்கள்.

கமகம் வராத பெட்டி என்றோமே? அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். பக்கத்துக் கட்டையை மின்னல் மாதிரி தொட்டுவிட்டு வருவது, துருத்தியின் காற்றை ஏற்றி இறக்கி ஸ்வரத்தைத் ததும்பவைப்பது என்று காதை ஏமாற்றும் வித்தைகள். படிக்கட்டில் சறுக்க முடியாதுதான். ஆனால், போதுமான வேகத்தில் இறங்கினால் சறுக்குவது மாதிரியே தெரியும்!

சிவகாசிக்காரர் ஒருவரை இங்கே சொல்லியே ஆகவேண்டும். 1886-ல் அங்கே பிறந்த விஸ்வநாததாஸ். மருத்துவர் சமூகத்தில் பிறந்தவர் என்பதால், அவரோடு ஜோடி சேர மறுத்தவர்களும் உண்டு. குரலால் அந்தச் சுவரை உடைத்தார். ‘வள்ளி திருமண’த்தில் தினைப்புனத்துப் பறவைகளை விரட்டும் காட்சி வரும் இல்லையா? அதில் வெள்ளைக் கொக்கைப் பற்றி ஒரு பாட்டு. மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதியது. எந்த ‘வெள்ளை’, எந்தக் ‘கொக்கு’ என்பது தரை டிக்கெட்காரருக்கும் புரியும், கொட்டகை வாசலில் நிற்கும் போலீஸுக்கும் புரியும்! நாடகங்களை அடக்கிவைக்க 1876-லேயே வெள்ளைக்கார அரசு சட்டம் போட்டிருந்தது. தாஸ் பாடினார், சிறைக்குப் போனார், வெளியே வந்தார், மறுபடி பாடினார்.

அந்த மாதிரி ராத்திரியில் பக்கத்தில் உட்கார்ந்து ஆர்மோனியம் வாசிப்பது எப்படிப்பட்ட வேலை! புராணக் கதை ஓடிக்கொண்டிருக்கும்போதே தேசியப் பாட்டு எப்போது குறுக்கே பாயும் என்று சொல்லமுடியாது. பாய்ந்தால் விரல் தயங்கக்கூடாது. வாசிப்பவரின் கலையும் தைரியமும் ஒரே கணத்தில் பரீட்சைக்கு வரும்.

சரி, இப்படிப்பட்ட திறமை ஒருவருக்கு எப்படி வருகிறது? பிறவியிலேயே வருவதா? பழக்கமா?

ஐரோப்பாவில் இருந்து ஓர் உதாரணம். 1747-ல், 62 வயதான பாக் பெர்லின் அருகே போட்ஸ்டாம் அரண்மனைக்குப் போனார். பிரஷ்யாவின் மன்னர் பிரடெரிக் சுற்றி வளைக்காமல் ஒரு சிக்கலான மெட்டை வாசித்துக் காட்டி, ‘எங்கே, இதை வைத்து மூன்று குரல் பின்னிக் காட்டு!’ என்றார். உட்கார்ந்த இடத்திலேயே வாசித்தார் பாக். அரண்மனையே அசந்துபோனது. ‘ஆறு குரலில் முடியுமா?’ என்று கேட்டபோது, மன்னரின் மெட்டை விட்டுவிட்டுத் தன் மெட்டு ஒன்றில் வாசித்துக் காட்டினார். மன்னரின் மெட்டுக்கு ஆறு குரலை வீட்டுக்குப் போய் நிதானமாக எழுதி அனுப்பினார்.

பிறவி மேதைதான். ஆனால், பாக்கின் பரம்பரையே சங்கீதப் பரம்பரை. இருபது வயதில், பக்ஸ்டஹூட என்ற ஆர்கன் மேதையைக் கேட்பதற்காக ஏறக்குறைய 400 கிலோமீட்டர் நடந்தே போனவர் அவர். நான்கு வார லீவு சொல்லிவிட்டுப் போய், நான்கு மாதம் அங்கேயே கிடந்தார்!

2008-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் ஆறு ஜாஸ் பியானோ கலைஞர்களை ஸ்கேன் மெஷினுக்குள் படுக்கவைத்து, மடியில் சின்ன கீபோர்டைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். மனப்பாடமாக வாசித்தபோது ஒரு மாதிரி. சொந்தக் கற்பனையில் வாசித்தபோது, மூளையில் ‘தப்பு வந்துடப்போகுது, ஜாக்கிரதை!’ என்று கண்காணிக்கிற பகுதி அடங்கிப்போனது. தன்னை வெளிப்படுத்துவதோடு தொடர்புள்ள பகுதி சுறுசுறுப்பானது. ஆனால், நீங்களும் நானும் கண்காணிப்பை அணைத்துவிட்டு வாசித்தால் வெறும் இரைச்சல்தான் வரும். காவல்காரர் தூங்கலாம்... வீட்டுக்குள் சொத்து இருக்கவேண்டும் இல்லையா?

அந்தச் சொத்தைச் சேர்க்க நேரம் வேண்டும். பெர்லின் இசைக் கல்லூரியில் ஆண்டர்ஸ் எரிக்ஸன் குழுவினர் செய்த ஆராய்ச்சி 1993-ல் வெளிவந்தது. தேர்ந்த வயலின் மாணவர்கள் 20 வயதுக்குள் சராசரியாக 10,000 மணி நேரம் தனியாக உட்கார்ந்து பயிற்சி செய்திருந்தார்கள். நம் ஆர்மோனியக்காரருக்கு வருவோம். ஒரு ராத்திரிக்கு எட்டு மணி நேரம். வருஷத்துக்கு நூறு ராத்திரி என்று வைத்துக்கொண்டாலே, பன்னிரண்டரை வருஷத்தில் அதே 10,000! அதுவும் அறைக்குள் தனியாக இல்லை. பிசிறு தட்டினால் விசிலடித்து இறக்கிவிடும் ஆயிரம் பேருக்கு நடுவில்.

2019-ல் அமெரிக்க டி.வி. போட்டியில் சென்னைப் பையன் லிடியன் நாதஸ்வரம் பியானோவில் விரலை ஓட்டி, 10 லட்சம் டாலர் பரிசை ஜெயித்தபோது எல்லோரும் கைதட்டினோம். அப்பா இசையமைப்பாளர், அக்கா புல்லாங்குழல். பயிற்சிக்கு ஆசிரியர்கள். விதை நல்ல விதைதான், ஆனால் மண்ணும் நல்ல மண். ஸ்பெஷல் நாடக மேடை அப்படி ஒரு மண்ணாக இருந்தது... குருகுலத்துக்குள் நுழைய முடியாதவர்களுக்கும் கிடைத்த மண். அங்கே வாசிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. அடுத்தவர் என்ன பாடப்போகிறார் என்று கேட்கத் தெரியவேண்டும். மேடை மேதைமையின் பாதி, காதில் இருக்கிறது!

ராஜபாளையம் தாண்டித் தெற்கே போனால் செங்கோட்டை. அந்த ஊர் கிட்டப்பா (1906 - 1933) பெயரைக் கேட்டால் இன்றும் பெரியவர்கள் உருகுவார்கள். அவருக்கு ஆர்மோனியம் வாசித்தவர் சொந்த அண்ணன் காசி ஐயர். தம்பியின் மூச்சு அண்ணனுக்குத் தெரியாதா! கிட்டப்பாவால்தான் காசி ஐயர் பெயராவது நமக்குத் தெரிகிறது. மற்ற எத்தனையோ பேர்?

அவர்களை வரலாறு தவறவிட்டதற்கு ஒரு தேதி இருக்கிறது. 1940, மார்ச் 1. அகில இந்திய வானொலி அன்றுமுதல் ஆர்மோனியத்துக்குத் தடை போட்டது. நம் சங்கீதத்துக்கு ஒத்துவராத வாத்தியம் என்பதுதான் குற்றச்சாட்டு. தாகூரும் அதே கட்சி. சென்னை நிலையம் 1938-லும் திருச்சி நிலையம் 1939-லும்தான் பேச ஆரம்பித்திருந்தன. தமிழர் வீடுகளுக்குள் சங்கீதம் பெட்டி வழியாக நுழைந்த நேரத்தில், மேடை ஓரத்துப் பெட்டிக்குக் கதவு சாத்தப்பட்டது. 1971-ல்தான் தடை தளர்ந்தது. இடையில் முப்பத்தோரு வருஷம்! எழுதிவைக்காத சங்கீதம் அது. ஒலிபரப்பவும் இல்லையென்றால் விடிந்ததும் காற்றோடு போகவேண்டியதுதான்.

அதே 1940-ன் கடைசி நாள், டிசம்பர் 31. சென்னை ராயல் தியேட்டர் மேடையில் முருகன் வேஷத்தில், மயில் மேல் அமர்ந்து பாடிக்கொண்டிருந்த விஸ்வநாததாஸின் உயிர் பிரிந்தது. வேஷம் கலையவில்லை, பாட்டுதான் நின்றது.

ஆனால், மண் வீண்போகவில்லை. தேனிப் பக்கம் பண்ணைப்புரத்தில் பாவலர் வரதராஜன் ஒரு ஆர்மோனியத்தோடு கட்சி மேடைகளில் பாடிக்கொண்டிருந்தார். அதைத் தொட்டதற்காக அண்ணன் கையில் அடி வாங்கிய ஒரு தம்பி, 1958-ல் அவரோடேயே மேடையேறி ஊர் ஊராகச் சுற்றினார். அதே தெற்கத்தி ஊர்கள், அதே விடிய விடிய ஜனம். 1976-ல் ‘அன்னக்கிளி’ வந்தபோது அந்தத் தம்பியின் பெயர் இளையராஜா! கட்டைகளுக்கு நடுவே வழுக்கிப்போகும் ஸ்வரங்களை அவர் எங்கே தேடிக் கண்டுபிடித்தார் என்று இனி நீங்கள் கேட்கமாட்டீர்கள்.

ஸ்பெஷல் நாடகம் செத்துப்போகவில்லை. விருதுநகர் மாவட்டத்துக் கிராமங்களில் கோயில் பொங்கலுக்கு ‘வள்ளி திருமணம்’ இன்னும் நடக்கிறது. முன்னைப்போல் ராத்திரிகள் இல்லை, அவ்வளவுதான். ராத்திரிகள் குறைந்தால் அந்த 10,000 மணி நேரம் எங்கிருந்து வரும்?

அந்தப் பக்கம் போகிறவர்கள் பங்குனி, சித்திரையில் ஒரு ராத்திரி விழித்திருந்து பாருங்கள். வள்ளியும் நாரதரும் தர்க்கத்தில் இறங்கும்போது எல்லோரும் அவர்களைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் மட்டும் ஓரத்துக்குப் பார்வையைத் திருப்புங்கள். நோட்டீஸில் அவர் பெயரும் இருக்கும். படித்து வைத்துக்கொள்ளுங்கள்!