காபிக் கடை வைஃபையில் ஒரு கணக்குத் திருட்டு

2010 அக்டோபர், அமெரிக்காவின் சான் டியேகோ. ஒரு ஹேக்கர் மாநாட்டில் எரிக் பட்லர் 'ஃபயர்ஷீப்' என்ற கருவியை வெளியிட்டார். அதை ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரில் சேர்த்துவிட்டு, பாஸ்வேர்ட் இல்லாத காபிக் கடை வைஃபையில் உட்கார்ந்தா போதும். பக்கத்து மேஜைக்காரரின் ஃபேஸ்புக் கணக்குக்குள்ளேயே நுழைஞ்சிடலாம்.

எப்படி? அப்போ பல தளங்கள் பாஸ்வேர்டை மட்டும்தான் பூட்டி அனுப்பின. அதுக்கப்புறம் 'இவர் உள்ளே வந்தவர்தான்' என்று சொல்லும் குக்கீ, தபால் கார்டு மாதிரி திறந்தபடியே போச்சு.

நிபுணர்களுக்கு இந்த ஓட்டை முன்பே தெரியும். பட்லர் அதை எல்லாருக்கும் காட்டினார். 2011 ஜனவரியில் ஃபேஸ்புக் முழுநேர எச்டிடிபிஎஸ் வசதியைத் தந்தது; 2013இல் அதுவே எல்லாருக்கும் வழக்கமாச்சு.

ஆனா ஒண்ணு: எச்டிடிபிஎஸ் வழியைத்தான் காக்கும். போய்ச் சேருற தளமே போலின்னா? முகவரியை நாமதான் படிச்சுப் பார்க்கணும்.