குளிர்நிலைத் துணைக் காற்று வால்வு

குளிர்நிலைத் துணைக் காற்று வால்வு என்பது குளிர்ந்த பெட்ரோல் எஞ்சின் நின்றுவிடாமல் சுழலத் தேவையான கூடுதல் காற்றை உள்ளே விடும் சிறு கருவி ஆகும். எஞ்சின் சூடேறியதும் இது தானாகவே மூடிக்கொள்ளும். எரிபொருள் பீய்ச்சும் முறை கொண்ட 1970கள், 1980களின் கார்களில் இது பரவலாகக் காணப்பட்டது. பிற்காலத்தில் கணினி இயக்கும் வால்வு இதன் இடத்தைப் பிடித்தது.

தேவை

குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோல் முழுமையாக ஆவியாவதில்லை. எஞ்சின் எண்ணெயும் தடித்திருப்பதால் உராய்வு மிகும். எனவே ஆக்சிலரேட்டரை மிதிக்காத நிலையிலும் (இதனை மெக்கானிக்குகள் 'ஐடிலிங்' என்பர்) கூடுதல் காற்றும் எரிபொருளும் வேண்டும். கார்புரேட்டர் பொருத்திய அம்பாசடர், பிரீமியர் பத்மினி கார்களில் ஓட்டுநரே சோக் குமிழை இழுத்து இதனைச் சமாளித்தார். தில்லி வட்டாரத்தில் யூரோ மாசு நெறிகளை விரைந்து நடைமுறைப்படுத்துமாறு 1999 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அதனையொட்டியே இந்தியச் சிறு கார்களில் எரிபொருள் பீய்ச்சும் முறை வேகமாகப் பரவியது.

செயற்பாடு

திராட்டில் தகட்டைச் சுற்றிச் செல்லும் பக்கவழிக் குழாயில் வால்வு அமைந்துள்ளது. போஷ் நிறுவன வகையில், துளையிட்ட தகடு ஒன்றை ஈருலோகப் பட்டை நகர்த்துகிறது. பட்டையைச் சுற்றியுள்ள கம்பிச் சுருளில் 12 வோல்ட் மின்சாரம் பாய்ந்து சூடேற, பட்டை வளைந்து துளையைச் சில நிமிடங்களில் மூடுகிறது. இஸ்திரிப் பெட்டியின் வெப்பநிலைக் கட்டுப்பாட்டில் உள்ள அதே தத்துவம் தான். வேறு சில கார்களில் ரேடியேட்டர் நீரின் சூட்டில் விரியும் மெழுகு இவ்வேலையைச் செய்கிறது.

பழுது

எஞ்சினின் எண்ணெய் ஆவியும் கரியும் படிந்து தகடு இறுகுவதே முதன்மைக் காரணம். திறந்தபடி இறுகினால் சூடேறிய பின்னும் எஞ்சின் வேகம் குறையாது, எரிபொருள் வீணாகும். மூடியபடி இறுகினால் குளிரில் எஞ்சின் நின்று நின்று போகும்.

இரண்டாவது பழுது தென்காசி மாவட்டச் சிவகிரி போன்ற சமவெளி ஊர்களில் பெரும்பாலும் வெளியே தெரிவதே இல்லை. அங்கு விடியற்காலையும் அத்தனை குளிர்வதில்லை. அதே காரை மார்கழியில் கொடைக்கானலில் ஓரிரவு நிறுத்தி, காலையில் மலையிறங்கும்போது தான் சிக்கல் எழும். இறக்கத்தில் எஞ்சின் நின்றால், எஞ்சினின் வெற்றிடத்தால் இயங்கும் பிரேக் பூஸ்டர் ஓரிரு மிதிப்புகளுக்கு மேல் உதவாது. பிரேக்கை மிக அழுத்தி மிதிக்க வேண்டிவரும்.

சீர்செய்தல்

சோதனை எளிது. எஞ்சின் குளிர்ந்திருக்கையில் இயக்கி, பக்கவழி ரப்பர் குழாயை இடுக்கியால் நெரித்தால் வேகம் குறைய வேண்டும். நன்கு சூடேறிய பின் நெரித்தால் மாற்றம் இருக்கக் கூடாது. அப்போதும் வேகம் குறைந்தால் வால்வு மூடவில்லை என்று பொருள். உடனே வால்வைக் குறை சொல்ல வேண்டியதில்லை. எஞ்சின் ஓடும்போது இணைப்பியில் 12 வோல்ட் வருகிறதா, சுருள் அறுந்துள்ளதா என்பதை மல்டிமீட்டரால் முதலில் பார்த்தல் நலம்.

கரி படிந்த வால்வைக் கழற்றி, கார்புரேட்டர் கிளீனர் தெளித்து, குலுக்கி வடித்து, முழுதும் உலர்த்த வேண்டும். நெருப்பருகே இதனைச் செய்தல் கூடாது. மெழுகு வகையானால் ரேடியேட்டர் நீர் ஆறிய பின்னரே கழற்ற வேண்டும். நமது வெயிலில் ஈருலோக வால்வு ஓரளவு மூடியே இருக்கும் என்பதால், முழுதும் திறக்கிறதா என அறியக் குளிர்பதனப் பெட்டியில் சிறிது நேரம் வைத்துப் பார்ப்பது உண்டு. பின் மின்சாரம் கொடுத்தால் துளை மெல்ல மூட வேண்டும்.

வால்வைத் தொடாமல் ஐடிலிங் திருகை மட்டும் திருப்பிப் பழுதை மறைப்பது பட்டறைகளில் காணப்படும் வழக்கம். அவ்வாறு திருப்பப்பட்ட காரில் வால்வைச் சரிசெய்தால், சூடேறிய எஞ்சின் மிகுந்த வேகத்தில் ஓடும் அல்லது நின்றுவிடும். ஆகவே வால்வைப் பொருத்திய பின், எஞ்சின் முழுச் சூட்டில் இருக்கும்போது, திருகைத் தயாரிப்பாளர் கையேட்டில் குறித்த வேகத்திற்கு மீண்டும் அமைக்க வேண்டும்.