கைமாறி வந்த வேட்டைநாய்

மானாம்பதியிலிருந்து உத்திரமேரூர் சென்று, வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் குடவோலை முறையைக் கூறும் கல்வெட்டுகளைக் கண்டு வியந்து திரும்புவோர், 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த அச்சாசனங்களுக்குரிய முதற் பராந்தகனின் குமாரன் இராசாதித்தன், அதன் பின் முப்பது ஆண்டுகள் நிறைவதற்குள் வடக்கே தக்கோலத்துப் போர்க்களத்தில் யானைமேல் இருந்தபடியே மாண்டதையும் சில சமயம் நினைப்பதுண்டு. ஆனால் அப்போரின் வெகுமதியாக ஒரு வேட்டைநாய் கைமாறியது என்பதைச் சரித்திரம் பயின்றவர்களிலும் சிலரே அறிவர்.

செய்தி நமக்குக் கிடைப்பது சோழநாட்டிலிருந்து அன்று, வென்றவர் பக்கத்திலிருந்து. இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனுக்குத் துணையாக வந்து இராசாதித்தனை வீழ்த்தியவன் கங்க அரசன் பூதுகன். அவன் படையில் மணலேரன் என்றொரு வீரன் இருந்தான். அவனுடைய பராக்கிரமத்தைக் கண்டு மகிழ்ந்து, வேண்டுவதைக் கேள் என்று அரசன் சொன்னபோது, ஊரையும் பொன்னையும் விட்டுவிட்டு, காளி என்னும் பெயருடைய வேட்டைநாயைத் தரவேண்டும் என்று மணலேரன் கேட்டான். நாய் கிடைத்தது. பின்னர் அதை ஒரு பெரிய காட்டுப்பன்றியின் மேல் ஏவ, பன்றியும் நாயும் ஒன்றையொன்று கொன்று ஒருங்கே மடிந்தன. இன்றைய கர்நாடகத்து மண்டியா மாவட்டத்திலுள்ள ஆதகூரில், சிவன் கோயிலுக்கு முன்னால், நாயும் பன்றியும் பொருதும் காட்சியைச் செதுக்கிக் கல் நாட்டி, அக்கல்லுக்கு வழிபாடு நடக்க நிலமும் விட்டார்கள். கல்லுக்குப் பூசை செய்யாமல் உண்ணும் அர்ச்சகனை அந்த நாயைக் கொன்ற பாவம் சேரும் என்றும் எழுதிவைத்தார்கள். தக்கோலப் போரைப் பற்றிய முக்கியமான சான்றாக ஆராய்ச்சியாளர் எடுத்தாளும் சாசனம், அதாவது ஒரு சோழ இளவரசனின் மரணத்தைத் தெரிவிக்கும் சாசனம், ஒரு நாயின் நினைவுக்கல்லில் இருப்பது விதியின் விளையாட்டென்றே சொல்லவேண்டும். கல் இப்போது பெங்களூர் அருங்காட்சியகத்தில் உள்ளது.

நாய்க்குக் கல்லில் இடம் தருவது கன்னட நாட்டுக்கு மட்டும் உரிய வழக்கம் என்று எண்ணவேண்டாம். அதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே, மகேந்திரவர்ம பல்லவனின் முப்பத்துநான்காம் ஆட்சியாண்டில், செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில், எருமைகளைக் கவர வந்தவர்களோடு பொருது பட்ட கருந்தேவக்கத்தி என்பவனுக்கு எடுத்த நடுகல்லில், அவன் அருகில் நின்று கள்ளரைக் கடித்துக் காத்த கோவிவன் என்னும் நாயும் உருவத்தோடும் பெயரோடும் இடம்பெற்றிருக்கிறது.

இவ்விரண்டு கற்களும் நாயின் முடிவைச் சொல்கின்றனவேயன்றி அதன் கல்வியைச் சொல்லவில்லை. ஆதகூர்க் கல் கொடுத்தவனைச் சொல்கிறது, வாங்கியவனைச் சொல்கிறது, பன்றியைச் சொல்கிறது. அரசன் கையில் உண்டு வளர்ந்த காளி, அன்னியன் ஒருவனின் குரலுக்குத் திரும்பிப் பார்க்க எத்தனை நாள் பிடித்தது என்பதைச் சொல்லவில்லை. எனக்கோ கதையின் சாரமே அந்த நடுப்பகுதியில்தான் இருப்பதாகத் தோன்றுகிறது. ஏனெனில் வேட்டைநாய் விலைப்பொருளாவதற்கு வெகுகாலம் முன்பே கொடைப்பொருளாக இருந்தது. தெற்கே கன்னி நாயை மணமகளுக்குச் சீராக அனுப்பினார்கள் என்று இன்றும் சொல்வார்கள். ஆகவே பிறந்த வீட்டைவிட்டு வந்த இளநாயைத் தன்வசப்படுத்துவது வேட்டைக்காரன் கற்க வேண்டிய முதல் வித்தையாயிற்று.

அந்த வித்தையில் மந்திரம் ஏதும் இல்லை; பொறுமை மிக உண்டு. புதிதாக வந்த நாயை உடனே அவிழ்த்துவிட்டால் வந்த வழியைத் தேடி ஓடும். அதனால் சில நாள் வாசலில் கட்டிவைத்து, வீட்டார் எல்லோரும் சோறு வைக்காமல், எவன் அதைக் காட்டுக்கு அழைத்துப் போகப் போகிறானோ அவன் ஒருவனே வைக்கவேண்டும். பழைய பெயரை மாற்றாமல் இருப்பது நல்லது. கயிற்றோடு ஊரைச் சுற்றி நடத்தி, ஆட்டுக் கிடையையும் கோழியையும் பார்த்தும் பாராததுபோல் போகப் பழக்கியபின், வேட்டையில் தேர்ந்த மூத்த நாயோடு சேர்த்து அறுவடை முடிந்த வயலில் விடுவார்கள். மனிதன் பத்து நாளில் சொல்லித்தர இயலாததை மூத்த நாய் ஒரு முயலைத் துரத்திக் காட்டிவிடும். ஆனால் பிடித்ததைக் கிழிக்காமல் ஆள் வரும்வரை வைத்திருக்கும் அடக்கத்தை மனிதன்தான் கற்பிக்கவேண்டும். இரையை வாங்கிக்கொண்டு அதன் பங்கை அப்போதே கொடுத்துவிடுபவனிடம் நாய்க்கு நம்பிக்கை பிறக்கும். பறித்துக்கொண்டு அதட்டுபவனிடம், அடுத்த முறை முயலோடு புதருக்குள் போய்விடும்.

துப்பாக்கி வந்தபின் நாயின் உத்தியோகமே மாறிற்று. பிடிப்பது குண்டின் வேலையாகிவிட, மறைந்திருப்பதைக் காட்டுவதும் விழுந்ததை எடுத்துவருவதும் நாய்க்கு மிஞ்சின. செங்கற்பட்டு ஜில்லாவின் ஏரிகளிலும் நெல்வயல்களிலும் உள்ளானும் தாராவும் சுட வந்த வெள்ளைக்காரர்கள் சீமையிலிருந்து பாயிண்டர், ஸ்பானியல் முதலிய நாய்களைத் தருவித்தார்கள். இந்நாட்டு வெயிலும் உண்ணிக் காய்ச்சலும் அவற்றைப் பெரிதும் வாட்டின. பிழைத்தவை, துரைக்கு மாற்றல் உத்தரவு வந்ததும் வேறொரு துரையின் பங்களாவுக்குப் போயின. அங்கே மீண்டும் ஆரம்பப் பாடம்: சிறகு சுற்றிய துணிப்பந்தை எறிந்து, அழுத்திக் கடிக்காமல் கொண்டுவரப் பழக்குவது, தீனி தின்னும் வேளையில் தூரத்தில் வெடிச்சத்தம் கேட்கச் செய்து, நாளடைவில் அதை அருகே கொண்டுவருவது. முதல் வெடியைத் தலைக்கு மேலேயே வெடித்துவிட்டால் அந்த நாய் ஆயுள் முழுவதும் துப்பாக்கியைக் கண்டு ஒளியக்கூடும். துரைமார் நாயைக் கவனிக்கத் தனியாக ஒரு பையனை அமர்த்துவது உண்டு. நாய் உள்ளபடி யாருடையது என்ற கேள்விக்கு விடை பங்களாவின் முன்கட்டில் கிடைத்திருக்காது.

இத்தனைக்கும் நடுவில், உத்திரமேரூருக்குத் தென்கிழக்கே வேடந்தாங்கல் குடியானவர்கள், தங்கள் ஏரிக்கு வரும் பறவைகளைச் சிப்பாய்கள் சுட்டபோது ஜில்லா கலெக்டரிடம் முறையிட்டு, அப்பறவைகளைக் காக்கும் உரிமைக்கு 1798-ஆம் ஆண்டில் அக்கலெக்டர் லயனல் பிளேஸ் துரையிடம் கௌல், அதாவது எழுத்துமூலமான உறுதி, வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த நீர் பயிருக்கு உரமாயிற்று என்பது அவர்கள் அனுபவம். இப்பிரதேசத்தில் துப்பாக்கிக்கும் அதன் நாய்க்கும் விழுந்த முதல் தடை, ஆக, கருணையோடு கணக்கும் கலந்தது.

நாடெங்கும் தடை வர வெகுகாலமாயிற்று. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை உரிமத்துக்குள் அடக்கிற்று. 1991-இல் வந்த திருத்தம் அந்த உரிமங்களையும் ஒழித்தது. சட்டம் நியாயமானதே; அதைப் பற்றி எனக்கு மனக்குறை இல்லை. இராஜபாளையம், சிப்பிப்பாறை முதலிய நாட்டு இனங்கள் வேலையிழந்து அருகிவந்த நிலையில், அவற்றைப் பேணச் சைதாப்பேட்டையில் அரசாங்கமே ஒரு நாய்ப்பண்ணை வைத்தது. 2005-இல் இராஜபாளையம் நாய்க்குத் தபால்தலையும் வந்தது. தபால்தலைக்கு வேலை பழக்கவேண்டியதில்லை. உயிருள்ள நாய்க்கு வேண்டும். நகரத்து மாடிவீட்டில் ஆசைக்கு வாங்கிய குட்டி ஆறேழு மாதத்தில் நீண்ட காலும் அடங்காத ஓட்டமுமாக வளர்ந்து நிற்க, கிராமத்தில் தோட்டம் உள்ள உறவினர் ஒருவரிடம் அதை ஒப்படைத்துவிடுவது இப்போதைய கைமாற்றம். மானாம்பதி போன்ற ஊரின் மணிலாக் கொல்லைக்கு அப்படி ஒரு நாய் வந்து சேருமானால், அதற்குச் சொல்லித்தர வேண்டியது பழைய பாடத்துக்கு நேர் தலைகீழானது: கொல்லையில் முயல் எழுந்தாலும் துரத்தலாகாது. முகர்ந்து தேடும் நாயை இடையில் கூப்பிட்டு நிறுத்தலாம். இந்த நாட்டு இனங்களோ கண்ணால் கண்டு பாயும் ஜாதி, பாய்ந்தபின் காது கேளாது. ஆகையால் வளர்ப்பவர் நீண்ட கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு, நாய்க்கு முன்னே முயலைத் தாம் பார்த்துவிடப் பழகவேண்டியிருக்கிறது.