கட்டையில் சுற்றிய நரம்பிலிருந்து ரீல் வரை

பொம்மிடிப் பக்கம் தூண்டில் பிடித்து வளர்ந்த எங்களுக்கு ரீல் பிற்பாடு வந்த பொருள். மூங்கில் கழி, நைலான் நரம்பு, மயிலிறகுத் தண்டில் தக்கை. வாணியாறு அணையில் ஆழத்துக்கு வீச வேண்டுமென்றால் நரம்பைக் கட்டையில் சுற்றி, கையாலேயே இழுப்போம். பெரிய மீன் ஓடினால் விரல் அறுபடும்.

ரீலோ மிகப் பழையது. சீன ஓவியர் மா யுவான் 1195 வாக்கில் வரைந்த படத்திலேயே இருக்கிறது. நம் ஆறுகளுக்கு அதைக் கொண்டுவந்தவர்கள் வெள்ளைக்காரர்கள். மதராஸ் சிவில் சர்வீஸில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873இல் ‘தி ராட் இன் இந்தியா’ எழுதினார்; மகசீர் மீன்தான் அதன் நாயகன். மைசூரின் வான் இங்கன் என்பவர் 1946இல் காவிரியின் துணையாறான கபினியில் பிடித்த மகசீர் 120 பவுண்டு! காவிரியின் அந்தத் திமில் மகசீர் இன்று அழிவின் விளிம்பில் நிற்பது எனக்குத் தாங்க முடியாத வருத்தம்.

உருளை சுழலாமல் நிற்கும் ரீலுக்கு இங்கிலாந்தின் இல்லிங்வொர்த் என்பவர் 1905இல் காப்புரிமை பெற்றார். இன்றைய மலிவு ஸ்பின்னிங் ரீல்கள் அதன் வாரிசுகள்.

இந்த ரீல்களைக் கொண்டு செய்யும் ஜிக்கிங் என்ற முறையில் உலோகப் போலி மீனை அடிவரை இறக்கி, வெட்டி வெட்டி மேலே இழுக்கிறோம். ரீலின் பல்சக்கரத்திலும் உடம்பிலும் பாரம் அதிகம் விழும். ஆகவே குறைந்த விலையில் வாங்குவோர் பேரிங் எண்ணிக்கையில் மயங்காதீர்கள். உடம்பு வளையாமல் நிற்கிறதா, மீன் இழுக்கும்போது நரம்பை அளவாக விடும் டிராக் திணறாமல் விடுகிறதா என்று கடையிலேயே இழுத்துப் பாருங்கள்.